குடும்பத்தின் சார்பில் ஒரு மன்னிப்பு

1

என் மகளுக்கு வந்த ஓர் அலுவலகக் கடிதத்தின் பின்னால் ஒரு தாள் குத்தப்பட்டிருந்தது. இந்தக் கதை அந்தத் தாளிலிருந்து பிறந்தது. மேல்மூலையில் 'இணைப்பு 2' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். கீழே நான் எழுதிய இரண்டு வரிகள், என் பெயர், கோட்டு போட்டுக்கொண்டு எடுத்த என் படம். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். எத்தனையோ கடிதங்களுக்கு எத்தனையோ இணைப்புகளைக் குத்தி அனுப்பியிருக்கிறேன். என்னையே ஒருநாள் குத்துவார்கள், அதுவும் என் மகளுக்கு எதிராக என்று கனவிலும் நினைத்ததில்லை.

அதைப் பார்த்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. இறங்குமுன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மானத்தை உயிராக மதித்த பெரியவர் ஒருவர் இருந்தார்." இதை அடித்துவிட்டேன். தன்னைப் பற்றித் தானே இப்படி எழுதுகிறவனை நான் படிக்கமாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "நான் என் மகளை"

இதற்கு மேல் போகவில்லை. மூன்று நாளாக அந்த மூன்று சொற்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் 'நான்' என்ற சொல் தடுக்கிறது என்று புரிந்தது. அதை எடுத்துவிட்டு, 'பெரியவர்' என்று எழுதப்போகிறேன். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிடுங்கள். இந்த வயதில் நான் கேட்கிற சின்ன மரியாதை அது.

2

பெரியவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. துறை கொடுத்த சோதனைக் கற்களைத் தோல்பையில் போட்டுத் தானே சுமந்து போவார். "நேத்துதான் சார் சரிபார்த்தோம்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். ஆனால் தன் கல்லைத் தட்டில் வைத்துப் பார்க்காமல் ஒருநாளும் முத்திரை வைத்ததில்லை.

அவருடைய மனைவி அதிகம் பேசமாட்டார். பேசினால் நறுக்கென்று இருக்கும். பக்கத்து வீட்டில் தம்பி. தம்பிக்குக் குடும்பத்தில் 'ஃபார்வர்டு' என்று பெயர். கைபேசியில் எது வந்தாலும், வந்த வேகத்தில் முழுக்கப் படிக்காமல் நூறு பேருக்குத் தள்ளிவிடுவார். "படிச்சுட்டு அனுப்பேன்டா" என்றால், "படிச்சுட்டிருந்தா பழசாயிடும் அண்ணே" என்பார்.

மாடியில் மகள். நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தண்ணீர் எடுத்து வருவாள். மருந்துள்ள சீசாவில் ஊற்றி, வெதுவெதுப்பான பெட்டியில் ஒருநாள் வைப்பாள். கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் மேலதிகாரிக்கு எழுத வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. அப்பாவின் வேலையும் ஒருவகையில் அதுதான். இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. உள்ளுக்குள் பெருமை உண்டு.

[இந்தப் பெருமையை நான் இப்போது சேர்க்கவில்லை. அது அன்றும் இருந்தது. இருந்தும் அவர் அப்படிச் செய்தார். இதை விளக்க எனக்குத் தெரியவில்லை.]

3

ஒரு காலைவேளையில் தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அண்ணே, உங்க பொண்ணு போட்டிருக்கறதப் பாத்தீங்களா?"

"என்னத்தப் போட்டிருக்கா?"

"ஊரே பாத்துடுச்சு. நீங்கதான் பாக்கி."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தம்பி நீட்டிய கைபேசியில் படித்தார். நான்கே வரி. 'கிழக்குத் தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் கிருமி இருக்கிறது. மூன்று முறையும் மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.'

கிழக்குத் தொட்டியைப் போன வருடம் நகரத் தலைவர் திறந்து வைத்தார். தொட்டியின் மேல் அவருடைய முகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள். தேர்தலுக்கு இன்னும் மூன்றே வாரம்.

மகளின் நான்கு வரி மத்தியானத்துக்குள் அவளுடையதாக இல்லாமல் போய்விட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதை எடுத்து, 'தண்ணீரில் விஷம்! அதிகாரியே வாக்குமூலம்!' என்று சிவப்பில் எழுதினார்கள். அவள் விஷம் என்று சொல்லவே இல்லை. தலைவரின் ஆட்கள், 'எவ்வளவு வாங்கினாள்?' என்று எழுதினார்கள். கொதிக்க வைக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டுவிட்டார்கள். அதில் சண்டை போட ஒன்றும் இல்லையே.

[பேச்சுரிமை பற்றிப் பெரியவருக்கு ஒரு கருத்து இருந்தது. புகார் எழுதுகிறவன் கீழே கையெழுத்துப் போட வேண்டும், மேலே யாருக்கு என்று எழுத வேண்டும். இரண்டும் இருந்தால் அது பேச்சு, இல்லாவிட்டால் சத்தம் என்பார். அவருடைய மகள் கையெழுத்தும் போட்டிருந்தாள், மேலிடத்துக்கு மூன்று முறை எழுதியும் இருந்தாள். அன்றைக்கு அவர் கருத்தை அவரே எடுத்துப் பார்க்கவில்லை.]

ஏனென்றால் அவர் கண் வேறொரு வரியில் நின்றுவிட்டது. யாரோ எழுதியிருந்தான்: 'யார் வீட்டுப் பெண் இது? வளர்ப்பு சரியில்லை.'

மற்ற எல்லாவற்றையும் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

4

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் ஒருவர் பேரில் வெளியிலிருந்து குறை வந்தால், மூத்தவர் முதலில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவார். விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு, வீட்டுக்குள். பெரியவரின் அப்பா அப்படித்தான். சின்ன வயதில் தம்பி கடைக்காரரின் கண்ணாடியை உடைத்துவிட்டதாகப் புகார் வந்தபோது, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போய்க் கைகூப்பிவிட்டு வந்தார். உடைத்தது வேறு யாரோ என்று மறுநாள் தெரிந்தது. கடைக்காரரே வீடு தேடி வந்து வெட்கப்பட்டார். கேட்ட மன்னிப்பால் மானம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு தெரு, ஒரு கடை, இரண்டு ஆண்கள். அங்கே அது செல்லும்.

பெரியவர் அந்த வழக்கத்தைக் கைபேசிக்குள் கொண்டுபோனார்.

"ஏங்க, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார் மனைவி.

"கேக்க என்ன இருக்கு? நம்ம பேரு தெருவுல கெடக்கு."

"தண்ணி எப்படி இருக்குன்னு கேக்கலாம்."

"அதெல்லாம் அப்பறம்."

தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 'என் மகள் பொதுவெளியில் எழுதிய முறை எங்கள் குடும்பத்தின் பண்புக்கு ஏற்றதல்ல. குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டார். மகள் பொய் சொன்னாள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. தண்ணீரைப் பற்றியே இல்லை.

"நல்லாருக்கு அண்ணே. கோட்டு போட்ட ஃபோட்டோவ வெச்சுடவா? கம்பீரமா இருக்கும்."

"வை" என்றார் பெரியவர்.

5

சாயங்காலத்துக்குள் பதினோராயிரம் பேர். மறுநாள் காலையில் நாற்பதாயிரம்.

"அண்ணே! நீங்க வைரல்!"

பெரியவருக்கு அந்தச் சொல் காய்ச்சல் மாதிரிக் கேட்டது. வாங்கிப் பார்த்தார். 'வீட்டுக்கு ஒரு அப்பா இப்படி இருந்தால் நாடு உருப்படும்.' 'கண்ணீர் வந்துவிட்டது ஐயா.' 'மானஸ்தன்.' யாரோ அவர் படத்துக்குப் பின்னால் சூரியனை உதிக்கவிட்டிருந்தார்கள். இன்னொருவர் அவருடைய வரிகளைச் சோக வயலினோடு உரக்கப் படித்திருந்தார். அந்தக் குரல் பெரியவரின் குரலைவிட நன்றாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தலைவரின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில்: 'மகள் சொன்னது பொய்! பெற்ற தந்தையே ஒப்புதல்!'

இதைப் படித்த அந்த நொடியிலேயே பெரியவர் பதறியிருக்க வேண்டும். அப்படித்தான் முதலில் எழுதினேன்: "பெரியவர் துடித்துப்போனார். கைபேசியை"

இல்லை, அது பொய். நடந்ததை எழுதுகிறேன். அந்த வரியைத் தாண்டி அவர் கீழே போனார். பாராட்டுகளைப் படித்தார். ஒவ்வொன்றாக, ஒரு மணி நேரம். பிறகு தலைசீவிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, வேலை எதுவும் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். பத்து வருடமாக அந்தக் கடையில் மாத்திரை வாங்குகிறார், ஒருநாளும் அந்த ஆள் எழுந்ததில்லை.

[இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி மனம் கெஞ்சியது. என் மனைவி படித்துவிட்டு, "இத எடுத்தா மீதியையும் எடுத்துடுங்க" என்றாள். இருக்கட்டும்.]

6

கடைத்தெருவிலிருந்து அவர் திரும்பியபோது மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் வீட்டில். மேசைமேல் கடிதம். அனுமதியில்லாமல் பொதுவெளியில் எழுதியதற்காகவும், பொய்த் தகவல் பரப்பியதற்காகவும் தற்காலிகப் பணிநீக்கம். இணைப்பு 1, அவளுடைய நான்கு வரி. இணைப்பு 2 உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் மகள் அழ வேண்டும். கதை அதைத்தான் கேட்கிறது; எழுதியும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அவள் அழவில்லை. சோதனைக் கூடத்தில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"தண்ணி நல்லாருக்குன்னு எழுதினீங்களாப்பா?"

"இல்ல."

"நல்லா இல்லன்னு?"

"அதுவும் இல்ல. உன்னப் பொய்க்காரின்னு நான் ஒரு எழுத்து எழுதலியேம்மா."

"எழுதல. அதத்தான் அவங்க எழுதிக்கிட்டாங்க. நீங்க எடத்தக் காலியா விட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

பெரியவர் கடிதத்தைத் தள்ளி வைத்தார்.

"உன் மானத்துக்காகத்தான்..."

"என் மானத்துக்கு என்ன? வேலை போனாலும் வேற வேலை தேடிக்குவேன். அந்தத் தண்ணியக் கொதிக்க வைக்கணும், எனக்கு வேண்டியது அவ்ளோதான். நேத்துவரைக்கும் பாதிப் பேராவது வெச்சாங்க."

"இப்ப?"

"உங்க பதிவுக்குக் கீழயே போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

7

இந்தமுறை பாராட்டுகளுக்கு இடையில் இருந்ததைத் தேடிப் படித்தார். மகளைப் பற்றி எழுதியிருந்தவற்றை இங்கே எழுத முடியாது. இந்தத் தாளில் என் பெயர் இருக்கிறது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்ட அதே ஆட்கள், அதே மூச்சில், அவர் மகளை அப்படி எழுதியிருந்தார்கள். காலையிலும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. அவர் கண் அவற்றின் மேல் ஓடியிருக்கிறது, நிற்கவில்லை.

நெடுநேரம் கீழே போனபின் அது வந்தது. படத்தில் முகம் இல்லை, ஒரு ரோஜாப்பூ.

'ரொம்ப நன்றி ஐயா. தொட்டிக்குக் கீழ மூணாவது தெருல இருக்கோம். ரெண்டு நாளா தண்ணி கொதிக்க வெச்சு வெச்சு இருந்த கேஸும் தீந்துபோச்சு. உங்க பதிவப் பாத்ததும் நிறுத்திட்டோம். தெரு முழுக்கச் சொல்லிட்டேன்.'

பெரியவர் அதை மூன்று தடவை படித்தார். ஆயிரக்கணக்கான தராசுகளைத் தொட்டுப் பார்க்காமல் விட்டிராத நான்

பெரியவர். தொட்டுப் பார்க்காமல் விட்டிராத பெரியவர், ஒரு தடவை, ஒரே தடவை, கல்லை வைத்துப் பார்க்காமல் முத்திரை குத்தியிருந்தார். அந்த முத்திரையை நம்பி ஒரு தெரு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

முதலில் பழைய பதிவை அழித்தார். ஒன்றும் ஆகவில்லை. சூரிய உதயமும் வயலினும் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்தன. பிறகு புதிதாக எழுதினார், இந்தமுறை தம்பியின் உதவி இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தடவி: 'என் மகள் எழுதியது சரி. நான் அவளைக் கேட்காமல் எழுதினேன். தயவுசெய்து கிழக்குத் தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.'

பதினான்கு பேருக்குப் பிடித்திருந்தது. அதில் ஒருவர் தம்பி. மற்றவர்கள், 'பாவம், பெரியவரை மிரட்டிவிட்டார்கள்' என்றார்கள். 'கணக்கைத் திருடிவிட்டார்கள்.' 'இது அவர் நடை இல்லை, அவர் எழுத்தில் ஒரு கம்பீரம் இருக்கும்.' ஒருவர், இதை எழுதியது மகள்தான் என்று ஆதாரத்தோடு நிரூபித்திருந்தார்.

"நான் நூறு பேருக்குத் தள்ளினேன் அண்ணே" என்றார் தம்பி. முகம் வாடியிருந்தது. "அவங்க யாரும் மேல தள்ளமாட்டேங்கறாங்க. காரம் பத்தலயாம்."

[நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் அது அவர் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொல்லவும் உரிமை இருந்தது. யாரும் வாயைப் பொத்தவில்லை. கேட்க மட்டும் ஆள் இல்லை. இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பெயர் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.]

8

மறுநாள் பெரியவர் பேருந்து ஏறிக் கிழக்குத் தொட்டிக்குப் போனார். நேரில் சொல்லிவிடலாம் என்ற எண்ணம். நேரில் சொன்னால் யாரும் நடையைப் பற்றிப் பேச முடியாது.

மூன்றாவது தெருவின் முனையில் ஒரு தையல்கடை. அந்த ரோஜாப்பூப் பெண்ணை எப்படி விசாரிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார். தையல்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். ஊசி பாதித் துணியில் நின்றது.

"ஐயா... நீங்க... அந்த அப்பாதானே?"

அந்த அப்பா. அதுதான் இனி அவர் பெயர்.

தையல்காரர் தாவி வந்து தோளில் கை போட்டார். பெரியவரின் தோளில் அவர் தம்பிகூடக் கை போட்டதில்லை. கைபேசி உயர்ந்தது. "இங்க பாருங்க ஐயா, கொஞ்சம் சிரிங்க." அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோர் முகத்திலும் உண்மையான மரியாதை.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். என் பொண்ணு எழுதினது சரி. தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க."

தையல்காரரின் கண் கலங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் மற்றவர்களிடம். "என்னதான் நியாயம் பேசினாலும் பெத்த பாசம் விடுமா? பொண்ணு வேலை போயிடுச்சுல்ல, மனசு கேக்கல பாவம்."

"பாசம் இல்லப்பா. தண்ணி கெட்டுப்போயிருக்கு."

"புரியுது ஐயா, புரியுது." முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அப்போது சட்டைப்பையில் கைபேசி அடித்தது. தம்பி. "அண்ணே, எங்க இருக்கீங்க? மறுபடியும் வந்துட்டீங்க! 'மக்களைத் தேடி வந்த மாமனிதர்'னு போட்டிருக்கு, பின்னால தையல் மிஷின் தெரியுது!"

பெரியவர் கைபேசியை அணைத்தார். ரோஜாப்பூப் படம் வைத்திருக்கும் பெண் யார் என்று கேட்டார். தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. கூட்டமே அழைத்துப்போனது.

நீலக் கதவு. கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கலாம். கையில் சோப்பு நுரை. அவரைப் பார்த்ததும் நுரையோடேயே கும்பிட்டாள்.

"ஐயா! எங்க வீட்டுக்கா? உள்ள வாங்க, உக்காருங்க. நாந்தான் உங்களுக்கு நன்றி போட்டேன்."

"அம்மா, அதப் பத்திதான்..."

"மொதல்ல உக்காருங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு."

உள்ளே ஓடினாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. டம்ளர் நிறைகிற சத்தமும் கேட்டது. இரண்டு கையாலும் ஏந்தி வந்து நீட்டினாள். பெரியவரின் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"குடிங்க ஐயா" என்றாள். "உங்க தைரியத்துலதானே நாங்களே குடிக்கறோம்."

வாசலில் தையல்காரர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

9

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பெரியவர் குடிக்கிறார். வீடு தேடி வந்தவருக்கு ஒரு பெண் அன்போடு தரும் தண்ணீரை மறுக்க அவருக்குத் தெரியாது, அறுபத்தெட்டு வருடத்தில் மறுத்ததில்லை. எல்லோர் முகமும் மலர்கிறது. சாயங்காலம் தலைவரின் பக்கத்தில் அந்தப் படம் வருகிறது. எழுதி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்தேன்.

இரண்டாவதில் அவர் எல்லோரும் பார்க்க முற்றத்தில் கொட்டுகிறார். துணிச்சலான முடிவு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை எழுத வேண்டியிருந்தது. கையில் நுரை காயாத ஒருத்தி, தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பெரிய மனிதர் தரையில் கொட்டுவதைப் பார்க்கிறாள். அந்தப் படத்துக்கு மேலே என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைப் பற்றி எழுதமாட்டார்கள்.

மூன்றாவதில் அவர் கேட்கிறார்: "இது கொதிக்க வெச்சதாம்மா?" ஒரு வீட்டில் உட்கார்ந்து இப்படிக் கேட்பதைவிட அவமரியாதை வேறில்லை என்று அவர் வளர்க்கப்பட்டிருக்கிறார். கேட்டால் அவள் "நீங்கதானே ஐயா சொன்னீங்க..." என்று தொடங்குவாள். அதற்கு அவர்

தெரியவில்லை. அதற்கு அவர் என்ன சொல்வார் என்று எட்டு முறை எழுதினேன். எட்டும் குப்பையில்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். வயதானவன், கோட்டு போட்டவன், நடையில் கம்பீரம் இருக்கிறது என்று என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வீர்கள். என் வார்த்தையை நம்பி இனி யாரும் எதையும் வாய்க்குள் விடக்கூடாது.

ஆகவே நான் இந்த நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். எதிரில் அவள் நிற்கிறாள், நீங்கள் குடிப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு வாய் குடிக்கலாம் என்று. வாசலில் கைபேசி இன்னும் தாழவில்லை. டம்ளரைத் தருகிறேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சில்லென்றுதான் இருக்கும்.